பிரான்சில் வாழும் வட ஆப்பிரிக்கர்கள்: நோய் எங்கிருந்து வந்தது?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. பிரான்சில் குடியேறிய அல்ஜீரிய, மொராக்கோ, துனிசிய மக்களிடம் சர்க்கரை நோயும் மனநலக் குறைவும் நுரையீரல் நோயும் மிகுதியாகப் பேசப்படுவதற்கு அவர்களுடைய மரபணுவும் பண்பாடும்தான் காரணமா என்பது முதல் பகுதி. சொந்த ஊரில் வீடும் மனைவி மக்களும் இருக்கும்போது, ஓய்வு பெற்ற முதியவர்கள் ஏன் பிரான்சின் தொழிலாளர் விடுதிகளில் தனியாக முதுமையைக் கழிக்கிறார்கள் என்பது இரண்டாவது பகுதி. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்திலிருந்துதான் கிடைக்கிறது என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

மரபணுவுக்கும் உணவுப் பழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு; சில குறிப்பிட்ட நோய்களில் அது பெரிய பங்கு. ஆயினும் இந்த மக்களின் உடல்நலத்தை ஒட்டுமொத்தமாகத் தீர்மானித்தவை அவர்கள் பார்த்த வேலையும், தங்கிய அறையும், கையில் இருந்த வதிவிட ஆவணமும்தான் என்று கருதுவதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. அந்தக் காரணங்களை ஒதுக்கிவிட்டு நோயை நோயாளியின் இயல்பின் மீதே சுமத்துகிற வழக்கம் பிரெஞ்சு மருத்துவத்திலும் நிர்வாகத்திலும் நெடுங்காலம் இருந்துவந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

சான்றில் தொடங்குகிறேன். 1980-களின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்த மக்கள்தொகை ஆய்வாளர்கள், மொராக்கோவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த ஆண்களின் இறப்பு விகிதம் பிரெஞ்சு ஆண்களின் விகிதத்தைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். கூலி குறைந்த, ஆபத்து மிகுந்த வேலைகளில் இருந்தவர்கள் ஏன் குறைவாக இறக்க வேண்டும்? நோய் முற்றியவர்கள் ஊர் திரும்பி அங்கே இறந்ததால் பிரெஞ்சுக் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அது ஓரளவுதான் பொருந்துகிறது. பெரிய காரணம், அவர்கள் உடல் வலிமை பார்த்துப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் என்பதுதான். ஆனால் 2019-இல் வெளியான இன்னோர் ஆய்வு, வட ஆப்பிரிக்கப் பெற்றோருக்குப் பிரான்சிலேயே பிறந்து வளர்ந்த ஆண்கள் 18 முதல் 64 வயதுக்குள் இறக்கும் ஆபத்து, குடியேற்றப் பின்னணி இல்லாத பிரெஞ்சு ஆண்களுடைய ஆபத்தைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு என்று காட்டியது. தந்தையருக்கு அந்தக் கூடுதல் ஆபத்து இல்லை. இத்தாலி, ஸ்பெயின், போர்ச்சுகல் போன்ற தென் ஐரோப்பிய நாடுகளிலிருந்து அதே போன்ற கூலி வேலைக்கு வந்தவர்களின் மகன்களுக்கும் இல்லை. அவர்கள் பொதுமக்களைவிடக் குறைவாகவே இறக்கிறார்கள்.

இந்த மூன்று தரவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மரபணுதான் காரணம் என்ற வாதம் நிற்க இடமில்லாமல் போகிறது. மரபணு தந்தைக்கும் மகனுக்கும் பொதுவானது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெஞ்சு மொழியையே முதல் மொழியாகப் பேசி, பிரெஞ்சு உணவையும் உண்டு வளர்ந்த மகனிடம் தந்தையின் பண்பாடு குறைவாகத்தான் இருக்கும். குடியேற்றமே நோய் என்றால் இத்தாலியரின் மகனும் அதே அளவு இறக்க வேண்டும். எஞ்சி நிற்பது, அந்த நாட்டில் அந்தப் பெயரோடும் அந்த முகத்தோடும் வளர்வது ஒருவனுக்கு எவ்வாறு அமைகிறது என்ற கேள்வி: வேலை கிடைக்காமல் கழியும் ஆண்டுகள், வாடகை வீடு மறுக்கப்படுவது, காவலரின் சோதனை, புறநகர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஒதுக்கம் ஆகியவை.

தந்தையர் பொறுக்கி எடுக்கப்பட்ட விதத்தைச் சற்று நெருக்கமாகப் பார்க்க வேண்டும். பிரான்சின் வடக்கே உள்ள நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஆள் சேர்க்க, மொராக்கோவில் முன்பு காலனி நிர்வாகத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் மோரா என்பவரை அரசுச் சுரங்க நிறுவனம் அனுப்பியது. அவர் தெற்கு மொராக்கோவின் சூஸ் பகுதியிலும் அட்லஸ் மலையடிவாரத்திலும் ஊர் ஊராகப் போனார். இளைஞர்கள் மேலாடை இன்றி வரிசையில் நிற்பார்கள். பல், கை, தோள், முதுகு ஆகியவற்றை அவர் தொட்டுப் பார்ப்பார். தேறியவனின் மார்பில் பச்சை முத்திரை. தேறாதவனின் மார்பில் சிவப்பு முத்திரை. பச்சை முத்திரை பெற்றவர்களும் அதற்குப் பிறகு மருத்துவச் சோதனையைத் தாண்ட வேண்டும். 1977 வரை இவ்வாறு சுமார் 78,000 பேர் சேர்க்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாத, அரபு மொழிகூடப் பேசாத, தஷெல்ஹித் என்னும் அமாசிக் (பெர்பர்) மொழி பேசும் மலை உழவர்கள். ஊரின் திடமான உடல்களை எல்லாம் இப்படித் தேர்ந்தெடுத்துக் கொண்டுபோன பிறகு, அந்த உடல்கள் பல ஆண்டுகள் தாக்குப்பிடித்ததில் வியப்பில்லை. பெல்ஜியத்திலும் இதற்கு இணையான கதை உண்டு. 1956-இல் மார்சினெல் சுரங்க விபத்தில் 262 பேர் இறந்ததும் இத்தாலி தன் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. பெல்ஜியம் வேறு நாடுகளைத் தேடி, 1964-இல் மொராக்கோவுடன் ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் செய்தது. இத்தாலி தன் மக்களை அனுப்பத் தயங்கிய அதே வேலைக்குத்தான் மொராக்கோ இளைஞர்கள் போனார்கள்.

சுரங்கத்தில் கல்லை உடைக்கும்போது எழும் சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து வடுவாக இறுகுவதே சிலிக்கோசிஸ். இந்நோயின் கொடுமை அதன் தாமதத்தில் இருக்கிறது. தூசை விட்டு விலகிய பிறகும் வடு வளர்ந்துகொண்டே போகும். பத்து, இருபது ஆண்டுகள் கழித்துக்கூட மூச்சுத் திணறல் தொடங்கும். காசநோய் தொற்றும் வாய்ப்பும் கூடும். பிரான்ஸ் 1945-இலேயே இதைத் தொழில்வழி நோயாக ஏற்று இழப்பீட்டுக்கு வழி செய்தது. ஆனால் பிரெஞ்சுச் சுரங்கத் தொழிலாளிக்கு 1946-இலிருந்து இருந்த நிரந்தரப் பணி அந்தஸ்து மொராக்கோ தொழிலாளிக்குத் தரப்படவில்லை. குறுகிய கால ஒப்பந்தத்தில் வந்தவன், ஒப்பந்தம் முடிந்ததும் ஊருக்கு அனுப்பப்படுவான். நோய் வெளிப்படும்போது அவன் அட்லஸ் மலையில் இருப்பான். நோயை நிரூபிக்க வேண்டிய மருத்துவர் குழுவோ பிரான்சில் இருக்கும். 1980-இல் மொராக்கோ தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துதான் சுரங்கத் தொழிலாளி என்ற அந்தஸ்தைப் பெற்றார்கள். அதற்குள் சுரங்கங்களே மூடத் தொடங்கிவிட்டன. வடக்குச் சுரங்கப் பகுதியான நோர்-பா-தெ-கலேயின் கடைசிச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது.

இரயில்வேயிலும் இதேதான் நடந்தது. 1970-களில் பிரெஞ்சு இரயில்வே மொராக்கோவிலிருந்து வரவழைத்த தொழிலாளர்கள், பிரெஞ்சுத் தொழிலாளிகளோடு தோளோடு தோள் நின்று தண்டவாளம் போட்டார்கள், பெட்டிகளை இணைத்தார்கள். குடியுரிமை நிபந்தனையால் நிரந்தர ஊழியர் அந்தஸ்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது; அதன் வழியே கிடைக்கும் பதவி உயர்வும், முன்கூட்டிய ஓய்வும், இரயில்வேக்கு உரிய மருத்துவ வசதியும் கிடைக்கவில்லை. 848 பேர் தொடுத்த வழக்கில் 2015-இல் தொழிலாளர் நீதிமன்றமும் 2018 ஜனவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பாகுபாடு நிகழ்ந்ததை ஏற்றுத் தீர்ப்பளித்தன. வழக்கு முடியும்போது வாதிகளில் சிலர் உயிரோடு இல்லை.

இனி, நோயாளியின் இயல்பின் மீது பழி போட்ட வரலாறு. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய அவசர சிகிச்சைப் பிரிவு வரை இதன் நிழல் விழுகிறது.

அல்ஜியர்ஸ் நகரில் மனநல மருத்துவக் கல்வியை நிறுவிய அன்துவான் போரோ, 1918 முதலே வட ஆப்பிரிக்க முஸ்லிமின் மனம் வேறு வகைப்பட்டது என்று எழுதிவந்தார். 1930-களில் அவரும் அவருடைய மாணவர்களும் அதற்கு உடலியல் சாயம் பூசினார்கள்: வட ஆப்பிரிக்கனின் மூளையில் மேற்புறணியின் கட்டுப்பாடு குறைவு, அடிமூளையின் ஆதிக்கம் அதிகம், எனவே அவன் எளிதில் நம்புபவன், திடீரென்று வன்முறையில் இறங்குபவன் என்றார்கள். அல்ஜியர்ஸ் பள்ளி என்று பெயர் பெற்ற இந்தக் கருத்தோட்டம் பல தலைமுறை மருத்துவர்களுக்குப் பாடமாகக் கற்பிக்கப்பட்டது. நிலம் பறிக்கப்பட்டு, வாக்குரிமை இல்லாமல், தனிச் சட்டத்தின் கீழ் ஆளப்பட்ட ஒரு மக்களின் கோபத்தை மூளையின் குறைபாடாக விளக்கியதில் காலனி ஆட்சிக்கு எவ்வளவு வசதி இருந்தது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

பாரிசில் இந்த மனப்பான்மை கட்டடமாகவே எழுந்தது. 1925-இல் நகராட்சி, வட ஆப்பிரிக்கர்களுக்கென்று ஒரு தனி அலுவலகத்தை லெகொந்த் தெருவில் அமைத்தது. வேலை தேடித் தருவதும், மருந்து தருவதும், அரசியல் நடவடிக்கைகளை உளவு பார்ப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. மருத்துவம் பார்க்கப் போகிறவன் காவல்துறையின் கதவு வழியாகத்தான் போக வேண்டும். அதன் தொடர்ச்சியாக 1935-இல் பாரிசின் வடகிழக்குப் புறநகரான பொபினியில் பிராங்கோ-முஸ்லிம் மருத்துவமனை திறக்கப்பட்டது. முகப்பு மூரிய பாணி வளைவுகளோடு அழகாக இருந்தது. அரபு பேசுவோரும், மார்க்கத்துக்கு ஏற்ற உணவும் அங்கே உண்டு. அதே சமயம் பாரிசின் மற்ற மருத்துவமனைகளிலிருந்து வட ஆப்பிரிக்கர்கள் அங்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள்; காசநோயும் பால்வினை நோயும் நகரத்துக்குள் பரவாமல் தடுப்பது நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. பரிவும் ஒதுக்கலும் இப்படி ஒரே வாசலில் கலந்து நின்றதால்தான், இந்த மருத்துவமனையைப் பற்றி இன்றும் ஒரே சொல்லில் தீர்ப்புக் கூற முடிவதில்லை. 1978-இல் அதற்கு இப்னு சீனாவின் பிரெஞ்சுப் பெயரான அவிசென் சூட்டப்பட்டது. இன்று அது எல்லோருக்குமான பொது மருத்துவமனை. பொபினி, லா கூர்நேவ் பகுதிகளில் வாழும் ஈழத்தமிழர் பலருக்கும் அதுதான் அருகிலுள்ள பெரிய மருத்துவமனை.

இந்தப் பின்னணியில்தான் மனநல மருத்துவர் ஃபிரான்ஸ் ஃபனோன் 1952 பிப்ரவரியில் ‘எஸ்பிரி’ இதழில் ‘வட ஆப்பிரிக்க நோய்க்குறித் தொகுதி’ என்ற கட்டுரையை எழுதினார். மார்த்தினிக் தீவில் பிறந்து லியோன் நகரில் மருத்துவம் படித்த அவருக்கு அப்போது வயது 26. தொழிலாளி வருகிறான், வலிக்கிறது என்கிறான், எங்கே என்று கேட்டால் எங்கும் என்கிறான், சோதனையில் ஒன்றும் அகப்படுவதில்லை. உடனே மருத்துவர் அவன் நடிக்கிறான், வேலைக்குப் போகாமல் இருக்க ஏமாற்றுகிறான் என்ற முடிவுக்கு வருகிறார். உண்மையில் அந்த முடிவு, நோயாளி அறைக்குள் நுழைவதற்கு முன்பே மருத்துவரின் மனதில் தயாராக இருந்தது என்பதுதான் ஃபனோனின் வாதம். குடும்பம் கடலுக்கு அப்பால், பேச்சுத் துணை இல்லை, தங்குமிடம் பாதுகாப்பற்றது, தெருவில் இறங்கினால் வெறுப்பு. இவ்வாறு ஒவ்வொரு நாளும் உயிரின் ஓரத்தில் நிற்கும் மனிதனின் வலிக்கு உடலில் ஒரே ஒரு இடத்தைச் சுட்டிக்காட்டச் சொல்வதே தவறு என்று அவர் கருதினார்.

1953 நவம்பரில் அவர் அல்ஜீரியாவின் பிளிதா மனநல மருத்துவமனைக்குப் போனார். அங்கே தம்முடைய நல்லெண்ணமும் போதாது என்பதைக் கண்டுகொண்டார் என்பதுதான் எனக்கு அவர் மீது மதிப்பைக் கூட்டும் செய்தி. 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் அவருடைய பொறுப்பில் இருந்தார்கள். வாராந்தரக் கூட்டம், கையெழுத்து இதழ், நாடகம், கைவினை என்று அவர் தொடங்கிய குழுச் சிகிச்சை ஐரோப்பியப் பெண்களிடம் விரைவில் பலன் தந்தது. முஸ்லிம் ஆண்களிடம் முற்றிலும் தோற்றது. போரோவின் வழியில் வந்தவர் என்றால் அந்த ஆண்களின் மூளையைக் குறை சொல்லியிருப்பார். ஃபனோனும் அவருடைய உதவியாளர் ஜாக் அசூலேயும் தங்கள் முறையைக் குறை சொன்னார்கள்: ஐரோப்பிய வாழ்க்கையிலிருந்து எடுத்த வடிவங்களை, அவற்றோடு தொடர்பே இல்லாத உழவர்களின் மீது திணித்திருக்கிறோம், மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசி அவர்கள் மனத்தை அறிந்ததாக நினைத்திருக்கிறோம் என்று 1954-இல் எழுதினார்கள். பிறகு அங்கே உள்ளூர்ப் பாணியில் ஒரு காப்பிக் கடை வந்தது, பெருநாள்கள் கொண்டாடப்பட்டன, கதை சொல்பவர் வரவழைக்கப்பட்டார். ஆண்கள் பேசத் தொடங்கினார்கள்.

அல்ஜீரியா 1962-இல் விடுதலை பெற்ற பிறகும் பிரான்சின் மருத்துவ அறைகளில் சந்தேகம் தொடர்ந்தது. விபத்தில் அடிபட்டவன் காயம் ஆறிய பிறகும் வலிக்கிறது என்று சொல்லி இழப்பீடு கேட்டால், அதற்கு ‘சினிஸ்திரோஸ்’ என்று ஒரு பெயர் இருந்தது. எதுவார் பிரிசோ என்ற நரம்பியல் மருத்துவர் 1908-இல் எல்லாத் தொழிலாளிகளையும் மனத்தில் வைத்து உருவாக்கிய அந்த நோய்ப்பெயர், 1960, 70-களில் வட ஆப்பிரிக்கத் தொழிலாளியின் கோப்பில் அடிக்கடி ஏறியது. கட்டுமான வேலையில் கூடுதலாகக் கீழே விழுந்தவர்கள் அவர்கள். கூடுதலாக இழப்பீடு கேட்டதும் அவர்கள்தான். விழுந்ததற்கு யார் காரணம் என்ற கேள்வி பின்னுக்குப் போய், ஏன் இன்னும் வலிக்கிறது என்கிறாய் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. இன்றைக்கும் ‘மத்தியதரைக் கடல் நோய்க்குறி’ என்ற பேச்சுவழக்கு பிரெஞ்சு மருத்துவமனைகளில் புழங்குகிறது. தெற்கிலிருந்து வந்தவர்கள் வலியை மிகைப்படுத்துவார்கள் என்பது அதன் பொருள். எந்தப் பாடநூலும் ஏற்காத இந்த முன்முடிவு, மாரடைப்பையும் குடல்வால் அழற்சியையும் தாமதமாகக் கண்டறிய வைக்கும் அளவுக்கு ஆபத்தானது.

இதற்கு எதிர்வினையாக வந்த ஒரு முயற்சியையும் சொல்ல வேண்டும். கெய்ரோவில் பிறந்த உளவியலாளர் தொபி நத்தான் 1979-இல் அதே அவிசென் மருத்துவமனையில் இனக்குழு மனநலச் சிகிச்சையைத் தொடங்கினார். நோயாளியின் தாய்மொழியிலேயே பேசுவது, ஜின், கண்ணேறு போன்ற அவர் நம்பிக்கைகளைக் கேலி செய்யாமல் கேட்பது, பலர் வட்டமாக அமர்ந்து உரையாடுவது என்று அது வளர்ந்தது. பின்னாளில் மனநல மருத்துவர் மரி ரோஸ் மொரோ அதை வேறு திசையில் விரிவாக்கினார். பலருக்கு இது பெரிய நிம்மதியைத் தந்தது. ஆனால் வீடில்லாததாலும் விசா இல்லாததாலும் உறக்கமிழந்தவனிடம் அவன் மூதாதையரின் ஆவிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது மீண்டும் அவனை அவன் பண்பாட்டுக்குள் அடைப்பதாகாதா என்று திதியே ஃபசேன் போன்ற சமூகவியலாளர்கள் கேட்டார்கள். என் கருத்தில் அந்தக் கண்டனம் நியாயமானது; தாய்மொழியில் கேட்பது கட்டாயத் தேவை, ஆனால் கேட்டது முடிவில் வீட்டு வசதி அலுவலகத்துக்குப் போக வேண்டியதாகவும் இருக்கலாம்.

மனநோயைப் பற்றி நெதர்லாந்திலிருந்து கிடைத்த ஓர் ஆய்வு இங்கே பெரிதும் உதவுகிறது. ஹேக் நகரில் மொராக்கோ பின்னணி கொண்டவர்களிடம், சிறப்பாக ஆண்களிடம், உளப்பிளவு நோய் டச்சு மக்களைவிடப் பல மடங்கு கூடுதலாகப் பதிவாகிவந்தது. 2008-இல் வெளியான ஆய்வு, புலம்பெயர்ந்தவர்களை அவர்கள் வாழும் தெருக்களின்படி பிரித்துப் பார்த்தது. தம் மக்கள் அடர்த்தியாக வாழும் பகுதியில் குடியிருப்போருக்கு அந்தக் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் மறைந்துவிட்டது. தம் மக்கள் குறைவாக உள்ள பகுதியில் தனித்து வாழ்வோருக்கு இரு மடங்குக்கும் மேலாக நின்றது. ஒரே இனம், ஒரே நகரம், தெரு மட்டும் வேறு. புலம்பெயர்ந்தோர் ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வதை ஒருங்கிணைப்புக்குத் தடை என்று எளிதாகப் பேசும் அரசியல்வாதிகள் இதைப் படிக்க வேண்டும்.

மரபணுவுக்கும் உணவுக்கும் பங்கு உண்டு என்று தொடக்கத்தில் சொன்னேன். அரிவாள் செல் சோகை, தலசீமியா என்ற மரபுவழி இரத்த நோய்கள் வட ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் உள்ளன. பிரான்ஸ் 2000 முதல், பெற்றோரின் பூர்விகத்தைப் பார்த்து, தெரிந்தெடுத்த குழந்தைகளுக்கு மட்டுமே அரிவாள் செல் சோதனை செய்துவந்தது. 2024 நவம்பரிலிருந்துதான் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் செய்கிறது. நெருங்கிய உறவில் மணம் முடிப்பதும் அங்கே பரவலானது. அத்தை மகள், மாமன் மகளை மணக்கும் நமக்கு அது புதிதல்ல. ஆனால் அங்கே முதன்மையாக விரும்பப்படுவது தந்தையின் உடன்பிறந்தான் மகள், நம் முறையில் தங்கையாகிறவள். விளைவு ஒன்றுதான்: தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு மரபணு நோய்கள் கூடுகின்றன.

பூர்விகம் அறிந்திருப்பது உயிர் காக்கும் ஓரிடம் உண்டு. மூக்குக்குப் பின்னே தொண்டையின் மேற்பகுதியில் வரும் புற்றுநோய் ஐரோப்பாவில் மிக அரிது. துனிசியா, அல்ஜீரியா, மொராக்கோவில் அவ்வளவு அரிதன்று. எப்ஸ்டீன்-பார் வைரசோடும், உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, நாட்பட்ட நெய் போன்ற பாதுகாத்து வைத்த உணவுகளோடும் அது தொடர்புபடுத்தப்படுகிறது. முதியவரை மட்டுமின்றிப் பதின்வயதினரையும் தாக்குவது அங்கே அதன் தனித்தன்மை. கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கக் காது மட்டும் அடைத்தல், அடிக்கடி மூக்கில் இரத்தம் ஆகியவற்றோடு ஒரு வட ஆப்பிரிக்க இளைஞன் வந்தால், சளி மருந்து கொடுத்து அனுப்பக் கூடாது. பூர்விகத்தைக் கேட்பது இவ்விடத்தில் பாகுபாடு ஆகாது.

சர்க்கரை நோய் மக்ரெப் (மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா) பின்னணி கொண்டவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், பிரெஞ்சுப் பொதுமக்களைவிடத் தெளிவாகக் கூடுதல். 1974-இல் பிரான்ஸ் புதிய தொழிலாளர் வருகையை நிறுத்தியபின், 1976-இன் குடும்ப இணைப்பு ஆணை வழியாக வந்தவர்கள் இவர்களில் பலர். ஊரில் வயலிலும் கிணற்றடியிலும் இயங்கிய உடல், பதினைந்தாம் மாடி வீட்டில் மாவும் சர்க்கரையும் புதினாத் தேநீரும் எளிதாகக் கிடைக்க அடங்கிப்போனது. மருத்துவர் சொல்வதைப் பள்ளிப் பிள்ளை மொழிபெயர்க்க, தாய் தன் மாதவிடாயைப் பற்றியோ மன அழுத்தத்தைப் பற்றியோ அந்தப் பிள்ளை வழியாகச் சொல்ல முடியாமல் மௌனமாகத் திரும்பிய நிலைமையும் இதில் சேர்கிறது.

நோன்பு மாதத்தில் இது கூர்மையாகிறது. நோயாளிக்குக் குர்ஆனே விலக்கு அளிக்கிறது. ஆனாலும் பலர் நோற்கிறார்கள், மருத்துவர் தடுப்பார் என்று அஞ்சி அவரிடம் சொல்வதும் இல்லை. காலை மாத்திரையைச் சாப்பிடாமல் விட்டு, மாலையில் பேரீச்சம்பழமும் ஹரிரா சூப்பும் தேன் தோய்த்த ஷெபாக்கியாவும் உண்ட பிறகு காலை, மாலை மாத்திரைகள் இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள். சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குப் பகலில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவர் தாமாகக் கேட்டு, மருந்தின் வகையையும் நேரத்தையும் மாற்றித் தந்து, விரலில் குத்திச் சோதிப்பது நோன்பை முறிக்காது என்பதையும், சர்க்கரை அளவு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால், பெரும்பாலான ஆபத்துகளைத் தவிர்த்துவிடலாம்.

2020-இன் கொரோனாக் காலம் இவ்வளவு காலம் சேர்ந்திருந்த எல்லாவற்றையும் ஒரே கணக்கில் காட்டியது. அவ்வாண்டின் மார்ச், ஏப்ரல் மாதங்களில், முந்திய ஆண்டின் அதே மாதங்களோடு ஒப்பிட, பிரான்சில் பிறந்தவர்களின் இறப்பு 22 விழுக்காடு கூடியது. மக்ரெப் நாடுகளில் பிறந்தவர்களின் இறப்பு 54 விழுக்காடு கூடியது. நெருக்கமான வீடுகள், வீட்டிலிருந்தே செய்ய முடியாத வேலைகள், ஏற்கெனவே இருந்த சர்க்கரை நோய் மூன்றும் சேர்ந்த விளைவு இது. மொராக்கோ எல்லையை மூடியதால் உடல்களை ஊருக்கு அனுப்பவும் முடியவில்லை. சொந்த மண்ணில் புதைக்கப்பட வேண்டும் என்பதற்காகவே ஆண்டுதோறும் காப்பீடு கட்டிவந்த குடும்பங்கள், இடப் பற்றாக்குறை நிலவிய முஸ்லிம் புதைவிடப் பகுதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தன.

அந்த மாதங்களில் அவசர சிகிச்சைப் பிரிவுகளைத் தாங்கியவர்களில் அல்ஜீரியாவிலும் துனிசியாவிலும் பட்டம் பெற்ற மருத்துவர்கள் ஏராளம். ஐரோப்பாவுக்கு வெளியே பயின்று பிரெஞ்சு மருத்துவமனைகளில் பணிபுரிவோரில் அல்ஜீரியாவில் பயின்றவர்களே மிகப் பெரிய குழு. தகுதித் தேர்வும் பதிவும் முடியும் வரை, அதே வேலைக்குக் குறைந்த ஊதியத்தில், குறுகிய ஒப்பந்தத்தில் அவர்களில் பலர் பணியாற்றுகிறார்கள். அவர்களை இழந்த ஊர்களில் சிறப்பு மருத்துவர் கிடைப்பது மேலும் அரிதாகிறது. அதுவே முதியவர்களைப் பிரான்சை விட்டு நகர முடியாமல் கட்டிப்போடும் காரணங்களில் ஒன்று.

இவ்வாறு கேள்வியின் இரண்டாவது பகுதிக்கு வருகிறோம். வட ஆப்பிரிக்க அரபியில் நரைத்தலையர் என்னும் பொருளில் ஷிபானிகள் என்று அழைக்கப்படும் இந்த முதியவர்களில் பலர், அல்ஜீரியத் தொழிலாளிகளுக்காக 1956-இல் தொடங்கி, பின்னர் சொனகொத்ரா என்றும் 2007 முதல் அதோமா என்றும் பெயர் மாறிய நிறுவனத்தின் விடுதிகளில் இருக்கிறார்கள். இளைஞன் சில ஆண்டுகள் தங்கிப் போவதற்காகக் கட்டிய அறைகள் அவை: 7 முதல் 9 சதுர மீட்டர், சிலவற்றில் அதற்கும் குறைவு, ஒரு கட்டில், ஒரு அலமாரி, தளத்துக்கு ஒரு பொதுச் சமையலறை, நடைவழிக் கோடியில் கழிப்பறை. நடக்கச் சிரமப்படும் எழுபது வயதுக்காரருக்குச் சக்கர நாற்காலி திரும்ப இடமில்லை. வீட்டுக்கு வந்து பராமரிக்கும் உதவியாளர் நிற்கவும் இடமில்லை. 1970-களின் நடுவில் இவ்விடுதிவாசிகள் பல ஆண்டுகள் நடத்திய வாடகை மறுப்புப் போராட்டம் நிலைமையை ஓரளவு மாற்றியது. அறைகளைப் புதுப்பிக்கும் பணி இன்னும் முழுமையாக முடியவில்லை.

ஏன் திரும்பவில்லை என்றால், முதலில் சட்டம். பலருக்கு முழு வாழ்நாளும் உழைத்தும் ஓய்வூதியம் மிகக் குறைவு. முதலாளிகள் பதிவு செய்யாத மாதங்கள், இடையிடையே வேலையின்மை, குறைந்த கூலி ஆகியவை காரணம். குறைந்தபட்ச முதுமை உதவித்தொகை அதை நிரப்புகிறது, ஆனால் அதைப் பெற ஆண்டில் ஆறு மாதங்களுக்கு மேல் பிரான்சில் இருக்க வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து அது ஒன்பது மாதங்களாக உயர்த்தப்பட்டுவிட்டது. வாடகை உதவிக்கு எட்டு மாதங்கள். 2009-ஐ ஒட்டிய ஆண்டுகளில் துலூஸ் போன்ற நகரங்களில் அதிகாரிகள் விடுதிகளுக்கு வந்து கடவுச்சீட்டில் உள்ள முத்திரைகளை எண்ணி, சில வாரங்கள் கூடுதலாக ஊரில் இருந்தவர்களிடம் ஆயிரக்கணக்கான யூரோவைத் திருப்பிக் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர், தமக்குத் தெரியாமலேயே மோசடிக்காரர் ஆனார்.

1998-இல் ஓய்வு பெற்றோருக்கான தனி வதிவிட அட்டை வந்தது. எல்லையைத் தடையின்றிக் கடக்கலாம் என்று பலர் அதை வாங்கினார்கள். ஆனால் அதை வைத்திருப்பவருக்குப் பிரான்சில் மருத்துவ உரிமை பெரிதும் சுருங்கிவிடுகிறது என்பதும், உதவித்தொகைகள் நின்றுபோகும் என்பதும் பிறகுதான் தெரிந்தன. சிலிக்கோசிசும் சர்க்கரை நோயும் உள்ளவருக்கு மருத்துவ உரிமையை இழப்பது உயிர்ப் பிரச்சினை. சட்டத்துக்கு அப்பால் இன்னொன்றும் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் விடுமுறைக்கு மட்டும் வந்துபோனவரை, மனைவியும் பிள்ளைகளும் பணம் அனுப்புகிறவராக அறிவார்களே தவிர வீட்டு மனிதராக அறிய மாட்டார்கள். அங்கே இரண்டு மாதம் தாண்டினால் அவர் விருந்தாளியாகிவிடுகிறார். இங்கே விடுதியில், அதே ஊர்க்காரர் நான்கு பேரோடு டொமினோ ஆடும் மாலை இருக்கிறது.

இதற்கு ஒரு தீர்வு காகிதத்தில் உண்டு. விடுதிகளில் தனியாக வாழும் வருமானம் குறைந்த முதியவர்கள் ஊரில் நீண்ட காலம் தங்கினாலும் உதவி தொடருமாறு 2007 மார்ச் மாதச் சட்டம் ஒரு தொகையை ஏற்படுத்தியது. அதைச் செயல்படுத்தும் ஆணைகள் 2015-இல்தான் வந்தன. உதவி 2016-இல் தொடங்கியது, 2020-இல் விதிகள் தளர்த்தப்பட்டன. பெற்றவர்கள் சொற்பம். அது குறைந்தபட்ச உதவித்தொகைக்கு மாற்றாக வருவதால் எது தமக்கு இலாபம் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிழையாகத் தேர்ந்தெடுத்தால் இருப்பதும் போய்விடும் என்று அஞ்சி, பலர் விண்ணப்பமே போடுவதில்லை. தகுதியுடையவர்கள் இப்போது எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இருக்கிறார்கள். ஒன்பது மாத நிபந்தனையை இவர்களுக்கு மட்டுமாவது நீக்குவது நாடாளுமன்றத்தின் வேலை. அதுவரை, அரபியும் தஷெல்ஹித்தும் அல்ஜீரிய அமாசிக் மொழியான கபிலும் பேசத் தெரிந்த ஊழியர்களை விடுதிகளுக்கு அனுப்பி, ஒவ்வொருவரின் கணக்கையும் அவரோடு உட்கார்ந்து பார்த்துப் படிவத்தை நிரப்பித் தர எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. நகராட்சிகளும் ஓய்வூதிய அலுவலகங்களும் இதை நாளைக்கே தொடங்கலாம்.